பின்சீட்டுப் பாரம்

எங்கள் காரின் பின்பக்கத்தில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை. ஈப்போவின் இன்னொரு மூலையில், எங்களை யாரென்றே தெரியாத ஒரு பட்டறையில் எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் எனக்குப் பழைய பட்டறைக்காரரின் முகம் முன்னால் வந்து நிற்கிறது. கோபம் ஆறிவிட்டதா என்று என் தம்பி அவ்வப்போது போனில் கேட்கிறான். ஆறவில்லை. ஆற விடுவதற்கும் எனக்கு விருப்பமில்லை.

அது அப்பா விட்டுப்போன கார். பெயிண்ட் வெளுத்து, சீட்டு உறை கிழிந்து, ஏர்கோன் நினைத்தால் குளிரும், நினைத்தால் குளிராது. குனோங் ராபாட்டிலிருந்து ஈப்போ டவுனுக்கு நான் வேலைக்குப் போய்வருவதும், அம்மாவைக் கோயிலுக்கும் உறவுக்காரர் வீடுகளுக்கும் கூட்டிப்போவதும் அதில்தான். தம்பி ஜொகூரில் குடும்பத்தோடு இருக்கிறான். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

அம்மாவுக்கு அந்தக் காரில் ஒரு நிரந்தர இடம் உண்டு. பின்சீட்டில் இடது பக்கம், சக்கரத்துக்கு நேர் மேலே. எங்கள் ஆட்களின் கார்களில் முன்சீட்டு ஆம்பளைகளுக்கு. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது ஆம்பளை என்று ஒருவர் இருந்தால், அவர் நேற்று மீசை முளைத்தவராக இருந்தாலும், நேரே முன்கதவைத் திறந்து உட்காருவார். முழங்கால் வலிக்கிற கிழவிகள் பின்னால் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொள்வார்கள். அப்பா போன பிறகு காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று ஆனபோதும் அம்மா பின்னால்தான் ஏறினார். முன்சீட்டில் என் கைப்பை உட்கார்ந்து வரும். டாக்சி ஓட்டுகிறவள் மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னால், "எனக்கு இங்கதான் பழக்கம்லா" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாப்பாவுக்குப் போவோம். அங்கே பெரியம்மா, அம்மாவின் ஒரே அக்கா, பக்கவாதம் வந்து படுத்திருந்தார். மகனும் மருமகளும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பெரியம்மாவுக்குச் சாப்பாடு என்றால் அம்மா கையால்தான் இறங்கும். பேச்சு போய்விட்டிருந்தாலும் அம்மாவைப் பார்த்ததும் நல்ல கையைத் தூக்குவார். அம்மா கஞ்சி ஊட்டி, தலை சீவி, தோட்டத்தில் இரண்டு பேரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்துக் கங்காணியைத் திட்டிக் கதை சொல்வார். பெரியம்மாவின் வாய் ஒரு பக்கமாகச் சிரிக்கும். வாரம் முழுக்க அம்மா வாழ்ந்தது அந்த ஒரு நாளுக்காக என்று சொன்னால் மிகையில்லை.

அந்தச் சமயத்தில்தான் காரின் பின்பக்கம் டொக்கு டொக்கென்று அடிக்க ஆரம்பித்தது. முதலில் பெரிய குழிகளில் மட்டும். பிறகு வேகத்தடை, பாலத்து இணைப்பு, கடைசியில் வீட்டு வாசலில் ஏறும்போதும் இறங்கும்போதும். வளைவில் திரும்பினால் பின்பாகம் தனியாக ஒரு யோசனை பண்ணிவிட்டு வருவது போல் தாமதமாகத் திரும்பும். ஒவ்வோர் அடியும் அம்மாவின் இடுப்பில் விழுந்தது. "ஒன்னும் இல்ல, நீ ஓட்டு" என்பார். கண்ணாடியில் பார்த்தால் கதவுக்கு மேலிருக்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார்.

காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். எந்தப் பட்டறை என்ற கேள்வியே எங்கள் வீட்டில் கிடையாது. கம்பாருக்கும் தாப்பாவுக்கும் நடுவில் இருந்த எங்கள் தோட்டம் விற்கப்பட்டு, ஆட்கள் ஈப்போவுக்குச் சிதறி வந்தபோது, எங்கள் லயத்து வீட்டு வரிசையைச் சேர்ந்த ஒருவர் குனோங் ராபாட் பக்கம் கார் பட்டறை போட்டார். அன்றிலிருந்து தோட்டத்து ஆட்களின் கார் எல்லாம் அவரிடம்தான். தோட்டத்து முறையில் அவர் அம்மாவுக்குத் தம்பி, எனக்கு மாமா. சாவு வீட்டில் முதலில் வந்து நாற்காலி இறக்குகிறவர் அவர். அப்பாவின் காரியத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கியது அவருடைய வேன்தான். அப்படிப்பட்டவரை விட்டுவிட்டு வேறு பட்டறைக்குப் போனால் அது கார் விஷயமாக இருக்காது, உறவை அறுத்துக்கொண்ட கணக்கு. அவருக்கும் அது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் எங்கள் கார்களை அவர் எப்போதும் கடைசியாகப் பார்ப்பார்.

அன்றும் பட்டறையில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலைந்து ஆம்பளைகள், எல்லாம் தெரிந்த முகம். அம்மா காரை விட்டு இறங்கவில்லை. நான் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பின்பக்கம் போய் டிக்கியின் மேல் கையை ஊன்றி இரண்டு தரம் அழுத்தினார். குனிந்து டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். நிமிர்ந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"காருல ஒன்னும் இல்லலா. பின்னால நம்ம அக்கா ஏறி உக்காந்தா எந்தக் காரு தாங்கும்? லோரி ஸ்பிரிங்குதான் போடணும்!"

நாற்காலிகள் சிரித்தன. ஒருவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அதுகூடப் பரவாயில்லை. அம்மாவும் சிரித்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே அந்த ஆம்பளைகளைப் பார்த்து, தான் பண்ணிய குறும்பு பிடிபட்டுவிட்டதைப் போல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த நிமிஷத்தில் எனக்கு அந்த மனிதர் மாமா இல்லாமல் போனார். நேரில் மாமா என்றுதான் கூப்பிட்டேன், மனசுக்குள் அந்த ஆள் ஆகிவிட்டார்.

அந்த ஆள் பின் ஸ்பிரிங்குகளின் இடைவெளியில் ரப்பர் துண்டு ஒன்றை வைத்துத் திணித்து அனுப்பினார். கார் கொஞ்சம் தூக்கி நின்றது. சத்தம் அப்படியே இருந்தது. முன்பு அடி மட்டும் விழும், இப்போது அடியோடு உதறலும் சேர்ந்துகொண்டது.

அன்று ராத்திரி அம்மா சோறு போட்டுக்கொள்ளவில்லை. பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்றார். மறுநாளும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சாவியை எடுத்தபோது, "அடுத்த வாரம் போலாம்லா, கால் கடுக்குது" என்றார். அடுத்த வாரம் வேறு சாக்கு. பஸ்ஸில் ஏற முழங்கால் விடாது. யாராவது உறவுக்காரர் காரில் போகலாம் என்றால் அதற்கும் தலையாட்டவில்லை. கடைசியில் ஒருநாள் நான் கத்தியபோதுதான் உண்மை வந்தது.

"என்னாலதான் அப்பா காரு கெட்டுப்போவுதுன்னு அவன் சொல்றான். நான் ஏறலைன்னா அது இன்னும் கொஞ்ச நாள் ஓடும். நீ வேலைக்குப் போவணும்ல?"

"அம்மா, நான் தனியாப் போறப்பவும் அடிக்குதும்மா."

"எனக்காக நீ அப்படித்தான் சொல்லுவ."

எத்தனை தரம் சொன்னாலும் இதே பதில். காரில் தான் இல்லாதபோது அது எப்படிப் போகும் என்று அவர் எப்படிப் பார்க்க முடியும்? வேறு பட்டறைக்குக் கொண்டுபோகிறேன் என்றால், அப்பாவின் காரியத்துக்கு வந்த வேனை நினைவுபடுத்துவார். நானும் பிடிவாதமாகக் காரை அப்படியே விட்டுவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அப்போது வேண்டியிருந்தது புதுச் சாமான் இல்லை. அந்த ஆள் அதே வாயால், அதே நாற்காலிகளுக்கு முன்னால், அம்மாவிடம் சொன்னதைத் திரும்ப விழுங்கவேண்டும்.

பழிவாங்குவதைப் பற்றி நான் யோசித்த அளவுக்கு என் வேலையைப் பற்றி யோசித்திருந்தால் எனக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்கும். ஆபீசுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஆளோடு கற்பனைச் சண்டை போட்டேன். அவர் தொப்பையில்லாத ஆள், மூங்கில் கம்புக்குச் சட்டை மாட்டியது போல் இருப்பார். அந்த உடம்பைப் பற்றி நாலு பேர் முன்னால் என்னவெல்லாம் சொல்லலாம் என்று சிவப்பு விளக்கில் நிற்கும்போது வாய்விட்டே ஒத்திகை பார்ப்பேன். பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர்கள் பார்ப்பார்கள். தினமும் காலையில் அவர் பட்டறைக்கு முன்னாலிருக்கும் மேட்டில் ஜன்னலை இறக்கிவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் காரை இறக்குவேன். டொக். கேட்கட்டும் என்று. அந்த ஆள் கையைத் தூக்கி ஆட்டிச் சிரிப்பார். நான் ஜன்னலை ஏற்றிவிடுவேன்.

இப்படியே ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன.

பிறகு தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. தோட்டம் செம்பனை ஆகிவிட்டது, லயம் இடித்தாகிவிட்டது. கோயிலும் ஒரு தகரக் கொட்டகையும்தான் மிச்சம். வருஷத்துக்கு ஒரு தரம் எங்கிருந்தாலும் எல்லாரும் வந்துவிடுவார்கள். அம்மா எதற்குச் சாக்குச் சொன்னாலும் ஆத்தாளுக்குச் சொல்ல மாட்டார். அன்று காலை பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, வெளியே வந்து நின்றார். முன்கதவைத் திறந்து, சீட்டிலிருந்த என் கைப்பையை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"என்னம்மா, முன்னால?"

"பின்னால உக்காந்தா தாங்காது" என்றார். உடம்பை ஒடுக்கிக்கொண்டு, சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். பாதி உடம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வரமுடியுமென்றால் வைத்துவிட்டு வந்திருப்பார். நான் காரைக் கிளப்பினேன். பின்னால் அது தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டு வந்தது. காலி சீட்டுதானே என்று அம்மாவிடம் காட்ட நினைத்தேன். அவரோ ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாய்க்குள் அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

பூஜை முடிந்து, அன்னதானம் முடிந்து, நாங்கள் கிளம்பும் நேரத்தில் அந்த ஆள் வேகமாக வந்தார். திருவிழாவில் ஓடியாடி வேலை செய்து வேர்த்திருந்தார். இல்லையென்று சொல்லமுடியாது, அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"பாராங் சாமான் எல்லாம் என் வேன்ல ஏத்தியாச்சு, அண்டா, நாற்காலி எல்லாம். எனக்கு உக்கார எடம் இல்ல. ஈப்போவுக்குத்தானே? நானும் வாரேன். கடையில ஆளு காத்துக்கிட்டு இருக்காங்க."

சொல்லிக்கொண்டே நேராக முன்கதவுக்குப் போனார். கைப்பிடியைப் பிடித்துத் திறந்தார். உள்ளே அம்மா. அம்மா உடனே காலைத் தரையில் வைத்தார், எழுந்து இடம் கொடுப்பதற்காக. அந்தக் கால் வெளியே வந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்கு இத்தனை நாள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

"அம்மா, நீங்க உக்காருங்க. மாமா, நீங்க பின்னால ஏறுங்க. இடது பக்கம்."

"அக்கா பின்னால வசதியா..."

"பின்னால அம்மா உக்காந்தா காரு தாங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க ஏறுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறினார்.

கோயிலிலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் வழி செம்மண். செம்பனை லோரிகள் உழுதுபோட்ட வழி. நான் குழிகளைத் தேடித் தேடி இறக்கினேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். முன்பக்கம் பதமாக இறங்கி ஏறும். பின்பக்கம் ஒரு நொடி கழித்து டொக்கென்று விழும். முதல் குழியில் அவர் "ஏய், மெதுவா" என்றார். இரண்டாவதில் தலை கூரையில் இடித்தது. அதற்குப் பிறகு கதவுக்கு மேலிருக்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் அதைப் பார்த்தபோது எனக்குள் இனித்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, பாயசம் குடித்ததுபோல் இனித்தது.

அம்மா முதலில் முன்னால் பார்த்தே இருந்தார். அடி விழ விழ அவர் தலை மெல்லச் சாய்ந்தது. பிறகு சீட்டு பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு முழுசாகத் திரும்பினார். கிண்டல் பண்ணுகிற முகம் இல்லை அது. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"தம்பி, நான் முன்னாலதானே இருக்கேன்?"

"ஆமாக்கா."

"நீ ஒல்லிதானே. பின்ன ஏன் அடிக்குது?"

"ரோடு மோசம்லா அக்கா."

தார் ரோட்டுக்கு வந்தோம். சின்னப் பாலம் ஒன்றில் ஏறி இறங்கினோம். டொக்.

"இது நல்ல ரோடுதானே தம்பி" என்றார் அம்மா.

அம்மா முன்னால் திரும்பிச் சாய்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து சீட்டின் நுனியில் இருந்தவர் அப்போதுதான் முதுகைச் சாய்த்தார். நான் ஈப்போ பக்கம் திரும்ப சிக்னல் போட்டேன்.

"அந்தப் பக்கம் வேணாம். தாப்பாவுக்குப் போ. அக்காவ பாக்கணும்."

"அக்கா, கடையில ஆளு காத்துக்கிட்டு..." என்றார் பின்னால் இருந்தவர்.

"கொஞ்ச தூரந்தான் தம்பி. பிடிச்சுக்க."

எனக்கு அந்த நேரத்தில் வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. தாப்பா வரைக்கும் நான் ஒரு பள்ளத்தையும் வீணாக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

பெரியம்மா வீட்டுக் கட்டில் கூடத்தில் ஜன்னல் ஓரம் கிடந்தது. அம்மா செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே போய், "அக்கா, நான் வந்துட்டேன்" என்றார். பெரியம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அந்த நல்ல கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தார். விட்டதும் அது துணி மாதிரி கட்டிலில் விழுந்தது. அம்மா கஞ்சி கேட்டு வாங்கி, ஸ்பூனை உதட்டில் வைத்தார். உதடு திறக்கவில்லை. கஞ்சி தாடை வழியாக வழிந்தது. அம்மா துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

மருமகள் பக்கத்தில் வந்து நின்று தாழ்ந்த குரலில் சொன்னாள். ஆனால் வாசலில் நின்ற அந்த ஆளுக்கும் அது கேட்டது.

"ஞாயித்துக்கிழமையானா காரு சத்தம் கேட்டாலே தலைய வாசப்பக்கம் திருப்புவாங்க சித்தி. எந்தக் காரு வந்தாலும். போன வாரத்துலேருந்துதான் இப்படி. யாரையும் தெரியல. டாக்டரு இனிமே இப்படித்தான்னு சொல்லிட்டாரு."

அம்மா எதற்கு வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. சீப்பை எடுத்துப் பெரியம்மாவின் தலையைச் சீவினார். கங்காணி கதையை ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அந்த ஆள் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். அவருக்கு அப்போது ஒரு நெஞ்சுவலி வந்திருந்தால்கூட நான் எழுந்து தண்ணீர் கொடுத்திருப்பேனா என்று சந்தேகம்தான்.

கிளம்பும்போது அம்மா முன்கதவுப் பக்கம் போகவில்லை. பின்கதவைத் திறந்து, இடது பக்கம், தன் இடத்தில், நன்றாக அகன்று உட்கார்ந்தார். அந்த ஆள் தயங்கித் தயங்கி முன்னால் ஏறினார். நான் அவரை ஒரு வழி பண்ணிவிடும் வெறியில் இருந்தேன். ஆனால் பின்னால் அம்மா. ஒவ்வொரு பள்ளத்தையும் கண்டு ஒதுங்கி, பிரேக்கை மிதித்து, தவழ்ந்து போகிற மாதிரி ஓட்டவேண்டியிருந்தது. பக்கத்திலேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பதமான முன்சீட்டில் அவர் உட்கார்ந்து வந்தார். பின்னால் எப்போதாவது டொக்கென்றால் அவர் தோள் குலுங்கியது. அடி அம்மாவுக்குத்தான் விழுந்தது.

பட்டறை வாசலில் நிறுத்தினேன். நாற்காலிகளில் ஆட்கள் இருந்தார்கள். அவர் இறங்கி, நேரே கடைக்குள் போகாமல், பின்ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார்.

"அக்கா, ஒங்க வெயிட்டு இல்லக்கா. பின்னால அப்சர்பர் எண்ணெய கக்கிருச்சு, ரப்பர் புஷ்ஷெல்லாம் கிழிஞ்சி போச்சு. கழட்டி மாத்துறதுன்னா முழு நாள் ஆவும். அன்னிக்குக் கடையில கூட்டம், சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டேன். காரை விட்டுட்டுப் போங்க, நானே எல்லாத்தையும் மாத்தித் தரேன்."

அவர் குரல் நாற்காலிகள் வரை கேட்டது. நான் எத்தனையோ காலையில் ஒத்திகை பார்த்த காட்சி அது, ஒரு வார்த்தை குறையாமல் என் கண்ணெதிரே நடந்தது. எனக்கு அதில் துளி ருசியும் இல்லை.

"அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா தம்பி?" என்றார் அம்மா.

"டார்ச்சு அடிச்சப்பவே தெரிஞ்சுதுக்கா."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அத எங்கக்காகிட்ட போய்ச் சொல்லிட்டு வா" என்றார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு, காரை எடு என்று என்னிடம் சொன்னார்.